மனிதரிடையே மறைந்த இரத்தக் காட்டேரி

இரத்தங் குடித்து உயிர்வாழும் ஒன்று, மனித உருவந் தாங்கி, மனிதரோடு மனிதராக மறைந்து உலவுகின்றது என்னும் எண்ணம் மிகப் பழையது. அதனைத் தமிழர் இரத்தக் காட்டேரி என்பர். சிங்கள மக்களின் பேயோட்டுச் சடங்குகளில் அது ரீரி யக்கா என்னும் இரத்தப் பேயாக வரும். ஐரோப்பியர் வம்பயர் என்று பெயரிட்டனர். பெயர்கள் பல, அச்சம் ஒன்று. அண்மைக் காலத்தில் இவ்வச்சம் இளைஞருக்குரிய நாவல்களிற் புதிய உருவம் பெற்றிருக்கின்றது. 2005ஆம் ஆண்டில் அமெரிக்க எழுத்தாளர் ஸ்டெபனி மேயர் வெளியிட்ட ‘டுவைலைற்’ என்னும் நாவலில், இரத்தக் காட்டேரிக் குடும்பமொன்று சிற்றூர் ஒன்றிற் குடியிருக்கின்றது. குடும்பத் தலைவர் வைத்தியசாலையில் மருத்துவர். இளையோர் பாடசாலை மாணவர். மனித இரத்தத்தைத் தொடுவதில்லை என்பது அவர்கள் பூண்ட நோன்பு. விலங்கின் இரத்தமே அவர்களுக்கு உணவு.

இத்தகைய கதைகளைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடலாம். ஆயினும், வரலாற்றை நாடுவோர்க்கு அவை ஒரு வினாவை எழுப்புகின்றன. அயலில் வாழ்பவர் இரத்தங் குடிப்பவரோ என்னும் ஐயம் மக்கள் மனத்தில் எப்பொழுது எழுகின்றது? எழுந்தபின் அவர்கள் என்ன செய்கின்றனர்? இவ்வினாவுக்கு இலங்கையின் பழைய நூல்களும், தமிழ் இலக்கியமும், ஐரோப்பிய ஆவணங்களும் வெவ்வேறு விடை தருகின்றன. அவ்விடைகளுள் மிகத் தெளிவானது நடுவிலங்கையிலுள்ள மாத்தளை மாவட்டத்தின் வரலாற்றிற் கிடைக்கின்றது.

முதலிலே பழைய நூல்களை நோக்குவோம். கி.பி. 5ஆம், 6ஆம் நூற்றாண்டளவில் மகாநாம தேரர் பாளி மொழியில் இயற்றிய மகாவமிசத்தில் விசயன் கதை வருகின்றது. விசயனும் அவன் தோழர் எழுநூற்றுவரும் கரையேறியபொழுது, குவேனி என்னும் இயக்கி, துறவிப் பெண்போல மரத்தடியில் அமர்ந்து நூல் நூற்றுக்கொண்டிருந்தாள். குளத்துக்கு வந்த தோழரை அவள் ஒருவர்பின் ஒருவராகப் பிடித்தாள். ஆனால், அவர்கள் கையிற் காப்பு நூல் கட்டப்பட்டிருந்தமையால் உண்ண முடியவில்லை. விசயன் அவளை மடக்கியபின், அவள் பதினாறு வயதுக் கன்னியாகித் தோன்றி அவனுக்கு மனைவியானாள். மனிதரை உண்பவள் மனிதப் பெண்ணாகி மனிதனோடு வாழ்ந்த கதை, இந்நாட்டு வரலாற்று நூலின் தொடக்கத்திலேயே இடம்பெற்றிருக்கின்றது.

கதையின் முடிவே ஊன்றிக் கருதத்தக்கது. குவேனி தன் இனத்தாரைக் காட்டிக்கொடுத்து, விசயன் அவர்களை வெல்ல உதவினாள். ஆட்சி நிலைத்தபின் விசயன் மதுரையிலிருந்து பாண்டிய இளவரசியை வரவழைத்தான். குவேனியை இரு குழந்தைகளோடு அனுப்பிவிட்டான். தன் இனத்தாரிடம் மீண்டவளை, ஒற்றறிய வந்தாள் என ஐயுற்று அவர்கள் கொன்றனர். குழந்தைகள் மலைநாட்டுக்கு ஓடிப் பிழைத்தன. இக்கதையில் எழுநூற்றுவருள் ஒருவர்க்கும் உயிர்ச்சேதம் இல்லை. உயிரிழந்தவள் இரத்தங் குடிப்பவள் என்று சொல்லப்பட்டவளே. இயக்கர் என்போர் இத்தீவின் முற்குடிகளே என்றும், வென்றோர் எழுதிய நூலில் அவர்கள் பேய்களாக மாறினர் என்றும் ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். தெரியாத மனிதனை மனிதனல்லன் என்று சொல்லிவிட்டால், அவனுக்குச் செய்யும் தீங்கு தீங்காகத் தோன்றுவதில்லை.

அதே மகாவமிசம் இதற்கு மாறான ஒரு முறையையும் கூறுகின்றது. பாண்டுகாபயன் என்னும் இளவரசன் தன் மாமன்மாரோடு போரிட்ட காலத்தில், தூமரக்க மலையில் வாழ்ந்த சேதியா என்னும் இயக்கியை வசப்படுத்தினான். மாத்தளை மலைகளிலிருந்து இறங்கி வரும் அம்பன் கங்கை மகாவலி கங்கையோடு கூடும் பகுதிக்கு அண்மையில் அம்மலை இருந்ததென அறிஞர் கருதுவர். அவளுடைய துணைகொண்டு அவன் வென்று அனுராதபுரத்தில் அரசனானான். வென்றபின் அவளைத் துரத்தவில்லை. அரண்மனை எல்லைக்குள்ளேயே இடம் அளித்தான். காலவேளன் என்னும் இயக்கனை நகரின் கிழக்கிலும், சித்தராசன் என்னும் இயக்கனை அபய வாவியின் கீழ்ப்புறத்திலும் குடியமர்த்தினான். விழாக்காலங்களிற் சித்தராசனைத் தன் அருகே தனக்குச் சமமான உயரமுள்ள ஆசனத்தில் இருத்தி, அவனோடு ஆடல் பாடல் கண்டு மகிழ்ந்தான் என்று நூல் கூறும். குவேனிக்கு இல்லாத ஆசனம் சித்தராசனுக்குக் கிடைத்தது. இவ்விரு கதைகளும் ஒரே நூலில் அடுத்தடுத்து நிற்கின்றன.

தமிழகத்திலும் இவ்வாறே இரு கதைகள் எதிரெதிராக நிற்கக் காணலாம். முதலாவது, திருவாலங்காட்டை அடுத்த பழையனூரின் நீலி கதை. கணவனாற் கொலையுண்ட ஒருத்தி பேயாகி, மறுபிறப்பெடுத்த அவனைத் தொடர்ந்து வந்தாள். கையிலிருந்த கட்டையைக் குழந்தையாக மாற்றி இடுப்பில் ஏந்தி, ஊராரிடம் சென்று, இவன் என் கணவன், என்னைக் கைவிடுகின்றான் என்று கண்ணீர் வடித்தாள். அவன் எவ்வளவு மறுத்தும் ஊர் வேளாளர் எழுபதின்மர் அவள் சொல்லையே நம்பினர். உன் உயிருக்குத் தீங்கு நேரின் எங்கள் உயிரைத் தருவோம் என்று அவனுக்கு வாக்களித்தனர். அன்றிரவு நீலி அவனைக் கொன்றாள். எழுபதின்மரும் சொன்ன சொல் தவறாது தீப்பாய்ந்தனர். பொய்யாக அழுவதை நீலிக்கண்ணீர் என்று தமிழ் மக்கள் இன்றுங் கூறுவது இக்கதையின் எச்சமாகும். மனித உருவில் வந்த பேயை அடையாளங் காண இயலாமையின் துயரமே இதன் உயிர்நாடி.

இரண்டாவது, அதே நீலியைத் தலைவியாகக் கொண்ட சமண நூலாகிய நீலகேசி. பலியை விரும்பும் காளி கோயிலில் உயிர்க்கொலையைத் தடுத்த முனிச்சந்திரர் என்னும் முனிவரை விரட்டுமாறு நீலி அனுப்பப்படுகின்றாள். முதலில் அச்சுறுத்திப் பார்க்கின்றாள். பின்னர் அரசிளங்குமரியாக வடிவெடுத்து மயக்க முயல்கின்றாள். முனிவர் அவள் யாரென உணர்ந்தும் சினக்கவில்லை, அறங் கூறுகின்றார். அதைக் கேட்டவள் கொல்லாமையை மேற்கொண்டு, அறிவினாலே வாதுபுரியும் ஆசிரியையாக நாடெங்குஞ் செல்கின்றாள். மனித இரத்தத்தைத் தவிர்க்கும் காட்டேரி என்பது இக்கால நாவலாசிரியரின் புதுக் கற்பனை என்று எண்ணுவோர், ஆயிரம் ஆண்டளவு பழமையான இத்தமிழ் நூலை அறியாதவர்.

இவ்விடத்தில் மாத்தளைக்கு வருதல் பொருந்தும். மாத்தளை நகருக்கு வடக்கே ஏறத்தாழ 2 மைல் தொலைவில், பாறைகளுக்கிடையே அமைந்துள்ளது அளுவிகாரை. கி.மு. 1ஆம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் காலத்தில், அதுவரை வாய்மொழியாக ஓதப்பட்டுவந்த பௌத்த திரிபிடகம் இங்கேதான் ஏட்டில் எழுதப்பட்டது என்பது மரபு. எழுதப்பட்டதற்குக் காரணம் இருந்தது. போரும் கொள்ளையும் கொடிய பஞ்சமும் நாட்டை வருத்தின. ஓதும் துறவியர் இறந்துபோனால் நூலும் இறந்துபோகும் என்ற அச்சம் எழுந்தது. அப்பஞ்சத்தில் மனிதரை மனிதர் உண்ணும் நிலையும் வந்ததென உரைநூல்கள் கூறுகின்றன. ஊன் உண்டவர் இயக்கரல்லர். பசியால் வாடிய மக்களே. இரத்தங் குடிப்பவன் வேற்றினத்தான் என்னும் நம்பிக்கையை இச்செய்தி ஒன்றே தகர்த்துவிடும்.

அளுவிகாரையில் எழுதப்பட்டதாகக் கொள்ளப்படும் அத்திரிபிடகத்தில் ஆளவகன் என்னும் இயக்கன் கதையும் உண்டு. நாளுக்கொரு மனிதனை உண்டு வந்த அவன் புத்தரிடம் வினாக்கள் தொடுத்து, விடைகளைக் கேட்டுத் தெளிந்து, கொலையை விட்டான் என்பர். வாளால் அன்றி விடையால் வெல்லப்பட்டவன் அவன். தீய இயக்கரிடமிருந்து காப்புத் தரும் ஆடானாட்டிய சூத்திரமும் அத்தொகுப்பிலே சேர்ந்தது. இன்றும் பௌத்த இல்லங்களிற் பிரித் ஓதி நூல் கட்டும் வழக்கம் நிலவுகின்றது. 1848ஆம் ஆண்டின் மாத்தளைக் கிளர்ச்சியை ஆங்கிலப் படையினர் அடக்கியபொழுது, அளுவிகாரையின் ஏட்டுச்சுவடிகள் அழிவுற்றமை வருந்தத்தக்கது.

இனி, இரத்தப் பேய்க்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை நோக்கல் வேண்டும். கி.பி. 3ஆம் நூற்றாண்டில் ஆண்ட சிறிசங்கபோதி மன்னன் காலத்தில் இரத்தாட்சி, அதாவது செங்கண்ணன், என்னும் இயக்கன் நாட்டில் தோன்றினான் என மகாவமிசம் கூறும். அவனைக் கண்டவர்க்குக் கண் சிவக்கும். கண் சிவந்தவர் மாள்வர். மாண்டவரை அவன் உண்பான். மன்னன் நோன்பிருந்து, மக்களுக்குப் பதிலாகத் தன்னை உண்ணுமாறு வேண்டினான் என்றும், ஈற்றில் ஊரெல்லைகளிற் பலி வைக்க ஒழுங்கு செய்தான் என்றும் கதை முடிகின்றது. இது கொள்ளைநோயின் வரலாறு என்பது படிப்போர்க்கு எளிதிற் புலப்படும். காய்ச்சலும் கண் சிவத்தலும் சாவும் ஒருவரிலிருந்து மற்றொருவருக்குப் பரவியதைக் கண்ட மக்கள், கண்ணுக்குத் தெரியாத காரணத்துக்கு ஒரு முகத்தை வரைந்தனர்.

ஐரோப்பாவிலும் அவ்வாறே நிகழ்ந்தது. 1725ஆம் ஆண்டிலும், மீண்டும் 1731, 1732ஆம் ஆண்டுகளிலும், ஆஸ்திரியப் பேரரசின் ஆட்சியிலிருந்த சேர்பியக் கிராமங்களிற் பலர் தொடர்ந்து இறந்தனர். இறந்தவன் ஒருவன் எழுந்து வந்து இரத்தங் குடிக்கின்றான் என்று ஊரார் கல்லறைகளைத் தோண்டினர். உடல் பருத்தும் வாயிற் செந்நீர் கசிந்தும் இருக்கக் கண்டு, மார்பிற் கழுவேற்றி எரித்தனர். அழுகும் உடலிற் காற்றுத் திரண்டு பருப்பதும் செந்நீர் கசிவதும் இயல்பென இன்று மருத்துவம் கூறும். அந்நாளில், பேரரசின் அதிகாரிகளே எழுதிய அறிக்கைகள் அச்சேறி, வம்பயர் என்னுஞ் சொல்லை ஐரோப்பா முழுவதும் பரப்பின. 1755ஆம் ஆண்டில் அரசி மரியா திரேசா தம் மருத்துவர் வான் சுவீட்டனின் ஆய்வைக் கேட்டறிந்தபின், பிணங்களைத் தோண்டி எரிக்கும் வழக்கத்தைத் தடைசெய்தார்.

ஆயினும், காரணம் தெரிந்தபின்னும் அச்சம் உடனே அகல்வதில்லை. காச நோயின் கிருமியை ஜேர்மன் அறிஞர் கொக் 1882ஆம் ஆண்டிற் கண்டறிந்தார். அதற்குப் பத்தாண்டின் பின், 1892ஆம் ஆண்டில், அமெரிக்காவின் றோட் தீவு மாநிலத்தில், காசத்தால் இறந்த இளம் பெண்ணொருத்தியின் உடலை ஊரார் தோண்டியெடுத்தனர். அவளே அண்ணனின் உயிரை உறிஞ்சுகின்றாள் என எண்ணி இதயத்தை எரித்து, அச்சாம்பலை நோயுற்ற அண்ணனுக்கே மருந்தாகக் கொடுத்தனர். இரண்டு மாதத்துக்குள் அவனும் இறந்தான். அறிவு நூலிலே இருந்தால் மட்டும் போதாது, ஊருக்கு வந்து சேரவேண்டும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

இக்கதைகளெல்லாம் ஒன்றுதிரண்டு, 1897ஆம் ஆண்டு மே மாதத்தில், பிராம் ஸ்டோக்கர் எழுதிய ‘டிராக்குலா’ என்னும் நாவலாக வெளிவந்தன. இலண்டன் மாநகரில் வீடு வாங்கிக் குடியேறி, மக்கட் கூட்டத்தில் மறைந்து நடக்கும் இரத்தக் காட்டேரி அதன் தலைமைப் பாத்திரம். அதே ஆண்டு ஓகஸ்ட் மாதம் 20ஆம் நாள், இந்தியாவின் செகந்தராபாத்தில், ரொனால்ட் றொஸ் என்னும் இராணுவ மருத்துவர், நோயாளியின் இரத்தம் குடித்த நுளம்பின் வயிற்றில் மலேரியாக் கிருமி வளர்வதை நுணுக்குக்காட்டியிற் கண்டார். அடுத்த சில ஆண்டுகளில், எகிப்தின் கெய்ரோ நகரில் லூஸ் என்னும் ஜேர்மன் அறிஞர், கொளுக்கிப் புழு மனிதரின் தோலைத் துளைத்து உட்புகும் வகையைத் தம் உடலிலேயே கண்டறிந்து நிறுவினார். அப்புழுவின் குடம்பிகள் கலந்த நீர் அவர் கையிற் சிந்தியதே அக்கண்டுபிடிப்புக்குத் தொடக்கம். கற்பனையில் இரத்தக் காட்டேரி புகழ் பெற்ற அக்காலத்திலேயே, மெய்யான இரத்தக் காட்டேரிகள் இரண்டும் ஆய்வுகூடத்தில் அகப்பட்டன.

இவ்விரண்டும் மாத்தளையிற் குடியிருந்தன. 1830ஆம் ஆண்டுகளிலிருந்து மலைநாட்டிற் கோப்பித் தோட்டங்கள் பெருகின. தென்னிந்தியாவிலிருந்து தமிழ்த் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, நூறு மைலுக்கு மேற்பட்ட காட்டுவழியைக் காலால் நடந்து, தம்புள்ளை, நாலந்தா வழியாக மாத்தளையை அடைந்தனர். வாந்திபேதி, காய்ச்சல், பசி ஆகியவற்றால் வழியில் மடிந்தோர் மிகப் பலர். பிழைத்து வந்தோருக்கு மாத்தளையே மலைநாட்டின் வாயில். அங்கே அவர்கள் நிலைநிறுத்திய முத்துமாரியம்மன் வழிபாடு பெருங்கோயிலாக வளர்ந்து, மாசி மகத்தில் ஐந்து தேர்கள் பவனி வரும் திருத்தலமாயிற்று. 1983ஆம் ஆண்டு யூலைக் கலவரத்தில் அக்கோயில் தீக்கிரையாக்கப்பட்டமையும், பின்னர் மீண்டும் பொலிவு பெற்றமையும் இவ்வூர் வரலாற்றின் பகுதிகளே. மாரியம்மனோடு, முனியாண்டியும் காட்டேரியும் மக்களோடு கடல் கடந்தனர். கருவுற்ற மகளிருக்குக் காட்டேரியால் இன்னல் நேராதிருக்கப் படையல் இடும் வழக்கமும் வந்தது. பின்னர்த் தேயிலைத் தொழிற்சாலையின் சக்கரத்தருகே ரோதைமுனி என்னும் புதுத் தெய்வமும் தோன்றியது.

தோட்டத்து லயங்களில் முகம் வெளிறி, மூச்சு வாங்கி, காலும் முகமும் வீங்கி, நடக்க வலுவின்றிப் படுத்தோர் பலர். கருவுற்ற பெண்கள் இரத்தமின்றி வாடி இறந்தனர். இத்தகைய நிலையை இரத்தக் காட்டேரியின் செயலெனக் கருதுதல் எவர்க்கும் இயல்பே. அறிகுறிகள் யாவும் அக்கதையோடு ஒத்திருந்தன. துரைமாரோ வேறு காரணங் கூறினர். இவர்கள் பிறவிச் சோம்பர் என்றனர். நோயை இவர்களே இந்தியாவிலிருந்து கொண்டுவருகின்றனர் என்றனர். ஒரு பக்கம் பேய், மறுபக்கம் பழி. இரண்டும் காரணத்தைத் தேடாமல் விடுவதற்கான வழிகளே.

1916ஆம் ஆண்டில், அமெரிக்காவின் றொக்பெல்லர் நிறுவனத்தைச் சேர்ந்த மருத்துவர்கள் இலங்கையிற் கொளுக்கிப் புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியபொழுது, அதற்குத் தெரிந்தெடுத்த இடம் மாத்தளைப் பகுதித் தோட்டங்களே. லயம் லயமாகச் சென்று, தொழிலாளரின் பெயர்களைப் பதிந்து, மலத்தைச் சோதித்தனர். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் கொளுக்கிப் புழு இருக்கக் கண்டனர். ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர் நீளமுள்ள அப்புழு, சிறுகுடலின் சுவரைக் கவ்வி, ஆண்டுக்கணக்கில் இரத்தத்தை உறிஞ்சும். ஒன்று குடிப்பது துளியினுஞ் சிறிது. நூற்றுக்கணக்கில் இருந்தால், நாள்தோறும் உடல் இழக்கும் இரத்தத்தை ஈடுசெய்ய ஏழையின் உணவு போதாது. சோம்பல் எனப்பட்டது இரத்தச் சோகை. காட்டேரி மனிதரிடையே மறைந்திருக்கவில்லை, மனிதருக்குள்ளே மறைந்திருந்தது.

செனோப்போடியம் என்னுஞ் செடியின் எண்ணெயைக் கொடுத்துப் பேதிமருந்தும் கொடுத்தனர். புழுக்கள் வெளியேறின, தொழிலாளர் தெம்படைந்தனர். ஆனால், வென்றோம் என்று சொல்ல இயலவில்லை. புழுவின் முட்டைகள் மலத்தோடு மண்ணில் விழுந்து குடம்பிகளாகி, வெறுங்காலைத் துளைத்து மீண்டும் உடலுக்குட் செல்கின்றன. மலசலகூடம் இல்லாத தோட்டத்தில், மருந்துண்டவருக்குச் சில மாதங்களிலேயே மீண்டும் புழு சேர்ந்தது. மலசலகூடங்கள் கட்டவேண்டும் என்று மருத்துவர் வற்புறுத்தினர்; செலவை எண்ணித் தோட்ட முகாமைகள் தயங்கின. மருந்து ஏற்கப்பட்டது; மலசலகூடம் தாமதித்தது. உழைப்பவரின் இரத்தத்தை உறிஞ்சும் முதலைக் காட்டேரிக்கு ஒப்பிட்டு 1867ஆம் ஆண்டிலேயே கார்ல் மாக்ஸ் எழுதினார். மாத்தளையில் அவ்வுவமைக்கு உவமையே தேவைப்படவில்லை. குடலில் ஒன்றும் கணக்கேட்டில் ஒன்றுமாக இரண்டும் ஒன்றுக்கொன்று துணைநின்றன. இப்பட்டறிவின் பயனாக, மருந்தினும் தடுப்பே முதன்மையானது என்னும் கொள்கை வலுப்பெற்று, 1926ஆம் ஆண்டிற் களுத்துறையில் இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைந்தது.

இரண்டாவது காட்டேரி நுளம்பு. இலங்கையில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிசு நுளம்பு, கலங்கிய சாக்கடையில் அன்றி, வெயில் படும் தெளிந்த நீர்க்குட்டைகளிலேயே முட்டையிடுகின்றது. பெண் நுளம்பு மட்டுமே, முட்டைகள் முதிரும்பொருட்டு, இரத்தங் குடிக்கும். இரவிலே குடித்துவிட்டுப் பகலில் அதே வீட்டுச் சுவரின் இருண்ட மூலையில் தங்கும். கதையிலே சொல்லப்பட்ட காட்டேரியின் வாழ்க்கைமுறைக்கு இதனினும் பொருத்தமான உயிரைத் தேடல் அரிது. 1934ஆம் ஆண்டு மழை பொய்த்தது. எப்பொழுதும் பெருகி ஓடும் ஆறுகள் வற்றி, மணலிடையே குட்டை குட்டையாக நின்றன. அவ்வாண்டு இறுதியில் எழுந்த காய்ச்சல், குருணாகல், கேகாலை மாவட்டங்களைச் சூறையாடிற்று, மாத்தளையும் தப்பவில்லை. சில மாதங்களுள் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். 15 இலட்சம் பேர் நோயுற்றனர். குழந்தைகளும், முன்பே உணவின்றி மெலிந்தோருமே மிகுதியாக இறந்தனர்.

அவ்வேளையிற் சூரிய மல் இயக்கத்து இளைஞர் கொயினாவும் உணவும் சுமந்து கிராமங்களுக்குச் சென்றனர். வீடு வீடாகப் பருப்பு வழங்கிய கலாநிதி என். எம். பெரேராவை மக்கள் ‘பருப்பு மகத்தயா’ என அன்போடு அழைத்தனர். நோய்க்கு மருந்து மட்டும் போதாது, வயிற்றுக்கும் ஏதேனும் வேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். சிறிசங்கபோதி மன்னன் ஊரெல்லையில் இரத்தாட்சிக்கு வைத்த படையல், இம்முறை ஊருக்குள்ளே பசித்த மனிதனின் வாசலில் வைக்கப்பட்டது.

1940ஆம் ஆண்டுகளின் நடுவில், வீட்டுச் சுவர்களுக்கு டி.டி.ரி. மருந்து தெளிக்கும் திட்டம் வந்தது. பகலில் நுளம்பு எங்கே ஒளிகின்றது என்று அறிந்தமையாலேயே அத்திட்டம் வெற்றி கண்டது. 1963ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர் 17 பேரே. பேய் தொலைந்தது என்று எண்ணி விழிப்பைத் தளர்த்தினர். 1968, 1969ஆம் ஆண்டுகளில் நோய் மீண்டெழுந்து, ஓராண்டில் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோரைப் பற்றியது. மேலும் நாற்பதாண்டுக் காலம், போர்க்காலத்திலுங்கூட, இரு பக்கத்து மக்களிடையேயும் நுளம்பு ஒழிப்புப் பணியாளர் ஓயாது உழைத்தனர். 2012ஆம் ஆண்டுக்குப் பின் உள்நாட்டில் எவரும் மலேரியாத் தொற்றுக்கு ஆளாகவில்லை என உறுதியாகவே, 2016ஆம் ஆண்டு செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. ஈராயிரம் ஆண்டுக் கதைகளில் எந்த மந்திரவாதியும் பெறாத வெற்றி இது.

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. மறைந்து வாழும் இரத்தக் காட்டேரியைப் பற்றிய பேச்சு, காரணந் தெரியாத சாவு நேரும்பொழுதும், முன்பின் அறியாத மனிதர் அயலில் வந்து குடியேறும்பொழுதும் வலுப்பெறுகின்றது. அந்நேரத்தில் மக்கள் தேர்ந்துகொள்ளக்கூடிய வழிகள் சில. குவேனியைப் போல ஒருத்தியை ஐயுற்றுக் கொல்லலாம். சேர்பியக் கிராமத்தாரைப்போலக் கல்லறையைத் தோண்டலாம். நோயாளியையே சோம்பன் என்று பழிக்கலாம். இவற்றால் ஒரு சாவேனும் தடுக்கப்பட்டதாக வரலாற்றிற் சான்றில்லை. பாண்டுகாபயனைப் போல அயலவனுக்குச் சமமான ஆசனம் அளிக்கலாம். முனிச்சந்திரரைப் போல அறத்தாற் பேசலாம். மாத்தளை லயங்களில் நுழைந்த மருத்துவரைப் போல, பழிசுமத்துமுன் சோதித்துப் பார்க்கலாம்.

இளைஞர் காட்டேரி நாவல்களைப் படிப்பதாற் குற்றமில்லை. குவேனியையும் நீலியையும் கேட்டு வளர்ந்த நாட்டினருக்கு அவை அந்நியமும் அல்ல. ஆனால், கதையை மூடிவைத்தபின், அயல்வீட்டாரை ஐயத்தோடு நோக்குவதா, அவர்கள் வீட்டு முற்றத்திலும் தம் வீட்டு முற்றத்திலும் தேங்கிய நீரை அகற்றுவதா என்பதைத் தீர்மானிக்க அவர்களுக்கு வரலாறு துணைசெய்யும். மாத்தளை மண்ணில் இரத்தங் குடித்தவை இரண்டு: ஒன்றைக் காலில் அணிந்த செருப்பும் மலசலகூடமும் தடுத்தன, மற்றொன்றை மருந்து தெளித்த சுவர் தடுத்தது. அவ்விரண்டையும் வெல்வதற்கு எந்த அயலவரையும் வெறுக்க வேண்டியிருக்கவில்லை.